எங்கே, எப்போது: டோர்ட்மண்ட் எனக்குக் கற்றுத்தந்த வரைபடப் பாடங்கள்

ஜெர்மனியில் டோர்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வட்டாரத் திட்டமிடல் படிக்கிறேன். வளரும் நாடுகளின் தேவைகளை மனதில் வைத்து 1984இல் தொடங்கப்பட்ட ‘ஸ்பிரிங்’ என்ற முதுகலைப் படிப்பு இது. ஆப்பிரிக்கா, ஆசியா, தென்னமெரிக்கா என்று பல திசைகளிலிருந்து வந்தவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். எங்கள் எல்லோருக்கும் பொதுவான மொழி வரைபடம்தான்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த எனக்கு இந்த நகரம் கற்றுக்கொடுத்ததன் சாரம் இது: எங்கே, எப்போது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லாத தகவல் பாதித் தகவல். ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கும், ஊர் வரலாறு தொகுப்பவர்களுக்கும், சொந்த நிலத்தின் ஆவணங்களைச் சரிபார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் நடந்து பாருங்கள்

கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்கத் திட்டமிடல் அறிஞர் 1960இல் வெளியிட்ட நூலில், மக்கள் ஒரு நகரத்தை ஐந்து கூறுகளால் மனதில் பதித்துக்கொள்கிறார்கள் என்றார். அவை பாதைகள், விளிம்புகள், பகுதிகள், சந்திப்புகள், அடையாளச் சின்னங்கள். புது ஊருக்குப் போகும் யாரும் இந்த ஐந்தையும் குறிப்பேட்டில் தலைப்புகளாக எழுதிக்கொண்டு நடக்கலாம்.

டோர்ட்மண்டின் மையப் பகுதியில் அப்படி நடந்தபோது நகரம் தானாகவே பிடிபட்டது. வெஸ்டன்ஹெல்வெக், ஓஸ்டன்ஹெல்வெக் என்று கிழக்கு மேற்காக ஓடும் இரண்டு கடைத்தெருக்களும் இடைக்கால வணிகப் பெருவழியான ஹெல்வெக்கின் துண்டுகள். இவை பாதைகள். இரண்டும் கூடும் இடத்தில் ரைனோல்டி தேவாலயம் நிற்கிறது. அது சந்திப்பு. மையத்தைச் சுற்றி வளைந்து செல்லும் சாலைகளின் பெயர்கள் ஓஸ்ட்வால், ஸூட்வால், கோனிக்ஸ்வால் என்று ‘வால்’ சேர்ந்தே வரும். ஜெர்மன் மொழியில் அதற்கு அரண் என்று பொருள். பழைய கோட்டை அரண் இருந்த தடத்தில்தான் இன்று கார்கள் ஓடுகின்றன. முதன்மை ரயில் நிலையத்தின் தண்டவாளங்கள் மையத்தையும் வடக்கே உள்ள நோர்ட்ஸ்டாட் பகுதியையும் பிரிக்கும் விளிம்பு. 1920களில் மதுபான ஆலைக்காகக் கட்டப்பட்டு இப்போது கலை மையமாக இருக்கும் உயரக் கட்டடத்தின் உச்சியில் பொன்னிற ‘யு’ எழுத்து சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். அதுவே அடையாளச் சின்னம்.

நடந்தபின் திரையில் வரைபடத்தைத் திறந்தால் கோடுகளுக்குப் பொருள் இருக்கிறது. ரயில் பாதை வெறும் கறுப்புக் கோடாக இல்லாமல், அதைக் கடக்க எத்தனை சுரங்கப் பாதைகள் உண்டு, இரவில் எதில் வெளிச்சம் குறைவு என்ற கேள்விகளோடு தெரிகிறது. ஊரை நடந்து பார்த்தவருக்குத்தான் வரைபடத்திடம் என்ன கேட்பது என்பது புரியும்.

ஒரே இடத்தைப் பல காலங்களில் பாருங்கள்

டோர்ட்மண்டின் தெற்கே ஹோர்டே என்றொரு பகுதி இருக்கிறது. 1928 வரை அது தனி ஊர். அங்கே 1841 முதல் இரும்பு, எஃகுத் தொழில் நடந்தது. 2001இல் எஃகாலை மூடப்பட்டது. சீன நிறுவனம் ஒன்று அதை வாங்கி, தொழிலாளர்களை அழைத்துவந்து பகுதி பகுதியாகப் பிரித்துக் கப்பலில் கொண்டுபோனது. காலியான நிலத்தைத் தோண்டி 2010 அக்டோபரில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். இன்று அது ஃபீனிக்ஸ் ஏரி. சுமார் 24 ஹெக்டேர் பரப்பு. கரையில் நடைபாதை, புதிய வீடுகள், உணவகங்கள்.

இன்றைய வரைபடம் மட்டும் கையில் இருப்பவருக்கு அங்கே நீலநிறத்தில் ஓர் ஏரி தெரியும், அவ்வளவுதான். அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, கரையில் ஓர் எஃகு உருக்குக் கலன் ஏன் நினைவுச் சின்னமாக நிற்கிறது, பக்கத்துத் தெருக்களில் பழைய தொழிலாளர் வீடுகளும் புத்தம்புது மாளிகைகளும் எப்படி இவ்வளவு நெருக்கமாக வந்தன என்பதற்கெல்லாம் பழைய வரைபடங்கள்தான் பதில் சொல்லும். நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநில அரசு ‘டிம் ஆன்லைன்’ என்ற தளத்தில் 1836 முதல் 1850 வரை எடுத்த பிரஷ்ய அளவை வரைபடங்களையும், 1891 முதல் 1912 வரையிலான மறு அளவையையும் இலவசமாகத் தருகிறது. அவற்றை இன்றைய வரைபடத்தின்மேல் வைத்துப் பார்ப்பது எங்களுக்கு முதல் பயிற்சிகளில் ஒன்று.

அந்த ஏரியை ஒட்டித்தான் எம்ஷர் ஆறு ஓடுகிறது. நிலக்கரிச் சுரங்கங்களால் இந்த வட்டாரத்தில் நிலம் இறங்கிக்கொண்டே இருந்தது. மண்ணுக்கடியில் குழாய் பதித்தால் உடைந்துவிடும் என்பதால், ஆற்றையே கழிவுநீர்க் கால்வாயாக ஆக்கினார்கள். அதை நிர்வகிக்க 1899இல் எம்ஷர் கூட்டுறவு அமைப்பு உருவானது. சுரங்கங்கள் மூடப்பட்டு நிலம் அசைவதும் நின்ற பிறகுதான் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் சாத்தியமாயிற்று. 1992இல் தொடங்கிய மீட்புப் பணியின் பயனாக, 2021 இறுதியில் ஆறு கழிவுநீரிலிருந்து விடுபட்டது. ஹோர்டேயில் ஆலைக்கு அடியில் புதைந்து ஓடிய ஆறு இப்போது வெளிச்சத்தில் ஓடுகிறது.

வாய்க்கால்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு இந்தக் கதை மிக நெருக்கமானது. தூர்ந்துபோன நீர்வழி எங்கே ஓடியது என்று தெரிந்த ஊர்தான் அதை மீட்க முடியும்.

தேதி இல்லாத படத்தை நம்பாதீர்கள்

இரண்டாம் உலகப் போரில் டோர்ட்மண்ட் கடுமையாகக் குண்டுவீச்சுக்கு ஆளானது. வெடிக்காத குண்டுகள் இன்றும் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. கட்டுமானத்துக்குத் தோண்டுவதற்கு முன், நேச நாட்டு விமானங்கள் அன்று எடுத்த வான்படங்களை வல்லுநர்கள் ஆராய்கிறார்கள். வெடித்த குண்டு பெரிய பள்ளம் விட்டிருக்கும். வெடிக்காதது சிறு துளை மட்டுமே விட்டிருக்கும். 2020 ஜனவரியில் நகர மையத்தின் மருத்துவமனைப் பகுதியில் அப்படிச் சந்தேகப்பட்ட இடங்களைத் தோண்டுவதற்காக ஏறத்தாழ 14,000 பேரை வெளியேற்றினார்கள். நோயாளிகளையும் இடம் மாற்றினார்கள். குண்டுகள் கிடைத்தன, செயலிழக்கச் செய்யப்பட்டன.

இங்கே தேதி உயிர் காக்கிறது. ஒரு வான்படம் குண்டுவீச்சுக்கு முந்தைய நாள் எடுத்ததா, மறுநாள் எடுத்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் நான் சேமிக்கும் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் இடம், ஆண்டு, மூலம் என்ற வரிசையில் வைக்கிறேன். ‘ஹோர்டே_2011_வான்படம்’ என்று பெயர் இருந்தால் பல மாதம் கழித்தும் தேட வேண்டியதில்லை. ‘புதிய படம் இறுதி’ என்று பெயர் வைத்த கோப்பு யாருக்கும் உதவாது.

அளவைச் சரிபார்க்காமல் ஒப்பிடாதீர்கள்

டோர்ட்மண்டுக்கு மேற்கே, இதே ரூர் வட்டாரத்தில் இருக்கும் டூயிஸ்பர்கில்தான் கெரார்டஸ் மெர்கேட்டர் 1552 முதல் இறக்கும்வரை வாழ்ந்தார். கடலோடிகளுக்காக 1569இல் அவர் வெளியிட்ட உலக வரைபடத்தின் முறையே, சற்று மாறிய வடிவில், இன்று நம் கைபேசி வரைபடங்களிலும் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அதில் எல்லாம் வீங்கித் தெரியும்.

இதை எண்ணாக்கிப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். டோர்ட்மண்ட் 51.5 பாகை வடக்கில் இருக்கிறது. மன்னார்குடி 10.7 பாகையில். கைபேசியில் ஒரே பெரிதாக்க அளவில் இரண்டையும் திறந்தால், டோர்ட்மண்டில் ஒரு சென்டிமீட்டர் குறிக்கும் தூரம் மன்னார்குடியில் குறிப்பதில் சுமார் 63 சதவீதம்தான். பரப்பளவில் வேறுபாடு இன்னும் பெரிது. அதனால் இரண்டு ஊர்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது அளவுகோலைக் கட்டாயம் போடுங்கள்.

க்யூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் வேலை செய்யும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இன்னொரு குறிப்பு. பூமியைத் தீர்க்கக்கோடு வாரியாக மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் டோர்ட்மண்ட் முழுதும் 32ஆம் மண்டலத்தில் அடங்குகிறது. தமிழ்நாடு அப்படியல்ல. 78 பாகை கிழக்குத் தீர்க்கக்கோடு மாநிலத்தை வெட்டுவதால் கோயம்புத்தூர் 43ஆம் மண்டலத்திலும் சென்னை 44ஆம் மண்டலத்திலும் விழும். தூரம், பரப்பு கணக்கிடும் முன் இதைச் சரிபார்ப்பது மணிக்கணக்கான வேலையை மிச்சப்படுத்தும்.

கேள்விக்கு ஏற்ற அடுக்கு

தகவலை அடுக்க ஐந்தே வழிகள்தான் உண்டு என்று ரிச்சர்ட் சால் வர்மன் 1989இல் எழுதினார்: இடம், காலம், வகை, அகரவரிசை, சிறிது முதல் பெரிது வரை. வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் வி.ஏ.ஓ. அலுவலகம்தான் நினைவுக்கு வந்தது.

ஒரே வயலுக்கு அங்கே மூன்று முகங்கள். சிட்டாவில் அது பட்டாதாரர் பெயரின்கீழ் இருக்கும். ஒருவருக்கு அந்தக் கிராமத்தில் என்னென்ன நிலம் உண்டு என்று அறிய அதுவே வழி. அடங்கலில் சர்வே எண் வாரியாக, எந்தப் பசலியில் என்ன பயிர் என்று இருக்கும். பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி பிறப்பதால் காலமும் சாகுபடியோடு ஒட்டியே வருகிறது. புலப்படத்தில் அதே சர்வே எண்ணின் எல்லையும் அளவும் கோடுகளாக இருக்கும். யார், எப்போது, எங்கே என்ற மூன்று கேள்விக்கும் தனித்தனி அடுக்கு. மூன்றையும் இணைக்கும் சாவி சர்வே எண். இன்றைய தரவுத்தளங்கள் செய்வதும் இதே வேலைதான்.

எனவே என் வழக்கம் இது. வேலை தொடங்குமுன் என் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுவேன். அது யாரைப் பற்றியது, எந்த இடத்தைப் பற்றியது, எந்தக் காலத்தைப் பற்றியது என்று பார்த்து அடுக்கைத் தேர்ந்தெடுப்பேன். எல்லா அட்டவணையிலும் மாறாத ஓர் எண்ணை வைப்பேன். ஒரு வரைபடத்தில் ஒரு கேள்விக்கு மேல் பதில் சொல்ல முயல மாட்டேன். ஓரத்தில் மூலம், ஆண்டு, அளவுகோல் மூன்றும் இருக்கும். தகவல் கிடைக்காத பகுதியை வெறுமையாக விடாமல் ‘தரவு இல்லை’ என்று நிறம் கொடுத்துக் காட்டுவேன்.

ஊரில் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கன்னி வாய்க்கால், வடிகால், மதகு, குட்டை எல்லாவற்றுக்கும் உங்கள் பெரியவர்களிடம் பெயர்கள் இருக்கின்றன. அரசு வரைபடத்தில் அவற்றில் பல இல்லை. ஒரு புலப்படத்தின் நகலை எடுத்துக்கொண்டு தாத்தாவோடு நடங்கள். அவர் சொல்லும் பெயரை அந்த இடத்தில் எழுதுங்கள். யார் சொன்னது, எந்த ஆண்டில் எழுதியது என்றும் குறியுங்கள். அடுத்த வெள்ளத்தின்போதோ, வாய்க்கால் தூர்வாரும்போதோ, ஆக்கிரமிப்பு வழக்கிலோ அந்தத் தாள் ஊருக்குச் சாட்சி சொல்லும்.