அச்சறிந்து ஆற்றல் கூட்டு

பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரம் 2008ஆம் ஆண்டில் மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பழைய கடைவீடுகள் பலவற்றில் முகப்பு பழமை மாறாமல் இருக்க, உட்பகுதி இன்றைய தேவைக்கேற்ப மாற்றப்பட்டுள்ளது. பழைய மகிழுந்துகளை விரும்புவோர் சிலரும் இவ்வாறே எண்ணுகின்றனர். தோற்றத்தை மாற்றாமல் புதிய இயந்திரத்தைப் பொருத்துவது அவர்களின் விருப்பம். ஆனால், இயந்திரத்தை மட்டும் மாற்றினால் போதுமா?

மோரிஸ் மைனர் மகிழுந்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இம்மகிழுந்து 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமானது. மலாயாச் சாலைகளிலும் ஓடியது. 1962இல் அதற்குப் பொருத்தப்பட்ட 1098 சிசி இயந்திரத்தின் ஆற்றல் 48 குதிரைத்திறன் மட்டுமே. அதன் பின் அச்சின் இருபுறமும் வளைந்த எஃகுப் பட்டைகளால் ஆன லீஃப் ஸ்பிரிங்குகள் உள்ளன. அவை வண்டியின் எடையைத் தாங்குவதோடு அச்சையும் அதன் இடத்தில் பிடித்து வைக்கின்றன.

இயந்திரம் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, அச்சின் கூடு எதிர்த்திசையில் திரும்ப முயல்கிறது. குறைந்த ஆற்றலை லீஃப் ஸ்பிரிங் சமாளித்துவிடும். நூறு குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இயந்திரம் வந்தாலோ, அது முறுக்கிக்கொண்டு மீண்டும் விடுபடும். சக்கரம் சாலையில் துள்ளும். பாலிக் பூலாவ் செல்லும் வளைவான மலைச்சாலையில், மழை நேரத்தில், பிடிமானம் இழந்த சக்கரம் உயிருக்கே ஆபத்தாகும்.

இதற்குத் தீர்வுகள் உண்டு. அச்சையும் உடற்பகுதியையும் இணைக்கும் எஃகுத் தண்டுகளைப் பொருத்தி முறுக்கத்தைத் தடுப்பது எளிய வழி. லீஃப் ஸ்பிரிங்குகளை முற்றாக அகற்றுவது மற்றொரு வழி. அப்போது சுருள்வில்கள் எடையைத் தாங்கும். நான்கு தண்டுகள் அச்சு முன்பின் நகராமலும் திரும்பாமலும் பிடிக்கும். குறுக்குத் தண்டு ஒன்று பக்கவாட்டு அசைவைத் தடுக்கும்.

எனினும், இத்தண்டுகள் பொருத்தப்படும் இடமும் உறுதியாக இருத்தல் வேண்டும். கடற்காற்றால் துருப்பிடித்த அடித்தகட்டில் அவற்றைப் பற்றவைத்தால், தகடு கிழிந்துவிடும். எனவே, துருவை வெட்டி நீக்கி, தடித்த எஃகுத் தகட்டால் வலுப்படுத்த வேண்டும். கூடிய வேகத்திற்கேற்ப நிறுத்துகருவியையும் மேம்படுத்த வேண்டும். இயந்திர மாற்றத்திற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் பெற வேண்டும்.

மயிலிறகே ஆனாலும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று திருவள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் உணர்த்தியுள்ளார். ஆற்றலைக் கூட்டுவதற்குமுன், அதைத் தாங்கும் வலிமையைக் கூட்ட வேண்டும். அவ்வாறு செய்தால், தாத்தா ஓட்டிய மகிழுந்து பேரப்பிள்ளைகளையும் பத்திரமாக ஏற்றிச் செல்லும்.