ஊர் முதல்ல வந்துச்சா, விவசாயம் முதல்ல வந்துச்சா?

ஸ்கூல் புக்ல நாம எல்லாரும் படிச்ச வரிசை இதுதான். மனிதன் வேட்டையாடினான், காய் கனி பொறுக்கினான், பிறகு விவசாயத்தைக் கண்டுபிடித்தான், அதனால் ஓரிடத்தில் தங்கினான், ஊர் உருவானது. கேட்க லாஜிக்காத்தான் இருக்கு. ஆனா சிரியாவில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருந்த அபு ஹுரேரா என்ற இடம் இந்த வரிசையையே புரட்டிப் போடுது.

டேம் வருது, சீக்கிரம் தோண்டு!

1970-களின் தொடக்கத்தில் யூப்ரடீஸ் மேல தப்கா அணையைக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. தண்ணீர் தேங்கினா அபு ஹுரேரா மூழ்கிடும். அதனால 1972, 1973 என்று ரெண்டே சீசன்ல ஆண்ட்ரூ மூர் தலைமையிலான குழு அவசர அவசரமா அங்கே தோண்டியது.

இங்க ஒரு சிம்பிளான டெக்னிக் பெரிய வேலை செஞ்சது. தோண்டிய மண்ணைத் தண்ணீரில் கலக்கணும். மண்ணும் கல்லும் அடியில் தங்கிடும், கருகிப்போன விதைகள் லேசா இருப்பதால் மேலே மிதக்கும். அதைச் சல்லடையில் பிடிச்சுக்கலாம். அவ்வளவுதான், டென்சிட்டி வித்தியாசம்! அப்படிக் கிடைத்த விதைகளை ஆராய்ந்தவர் தாவரவியலாளர் கார்டன் ஹில்மன்.

முதல் ஊர்: வயல் இல்லாத கிராமம்

சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே ஒரு சின்ன கிராமம் இருந்தது. தரையில் பள்ளம் தோண்டி, மேலே கூரை போட்ட குடிசைகள். நூற்றுக்கும் மேற்பட்ட வகைக் காட்டுத் தாவரங்களை அந்த மக்கள் சாப்பிட்டிருக்காங்க. கோடை தொடக்கத்தில் கூட்டம் கூட்டமா வரும் கெஸல் மான்களை வேட்டையாடியிருக்காங்க. வெவ்வேறு பருவத்தில் விளையும் தாவரங்கள் ஒரே இடத்தில் கிடைத்ததால், வருஷம் முழுக்க அங்கேயே தங்கியிருந்தாங்க என்பது ஹில்மன் குழுவின் முடிவு.

கவனிங்க, ஊர் இருக்கு, ஆனா விவசாயம் இல்ல. சுற்றி நிறைய சாப்பாடு கிடைத்தா எதுக்கு அலையணும்?

அப்புறம் ஏன் விதைக்கணும்?

சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன்னால் பருவநிலை மாறியது. ‘யங்கர் டிரையஸ்’ என்ற குளிர் காலகட்டம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. மேற்காசியாவில் வறட்சியும் கூடுச்சு. காட்டுப் பருப்பு, காட்டுக் கோதுமை போன்றவை குறைந்தன. இந்த நெருக்கடியில்தான் அங்கே ‘ரை’ என்ற தானியத்தை விதைக்கத் தொடங்கினாங்க என்பது ஹில்மனின் வாதம். இவ்வளவு முன்னாடியே விதைத்தாங்களா என்று சந்தேகப்படும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனா பிறகு அதே இடத்தில் எழுந்த ரெண்டாவது ஊர் விவசாய ஊர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்ல. மண் செங்கல் வீடுகள், கோதுமை, பார்லி, பருப்பு, கூடவே செம்மறி ஆடும் வெள்ளாடும். மக்கள்தொகை சில ஆயிரத்தைத் தொட்டுச்சு.

கதிர் எப்படி மாறுச்சு?

காட்டுக் கோதுமை முற்றினா மணிகள் தானா உதிர்ந்திடும், அது பரவுற வழி அதுதான். ஆனா அபூர்வமா சில செடிகளில், ஒரு மரபணு மாற்றத்தால், மணி உதிராமல் கதிரிலேயே நிற்கும். காட்டில் அது குறைபாடு. அரிவாளோட வரும் மனுஷனுக்கோ அதுதான் வசதி! அறுவடையில் உதிராத மணி அதிகமா வீடு வந்து சேரும், அதையே அடுத்த வருஷம் விதைப்பாங்க. இப்படியே பல தலைமுறை போனா, மனுஷன் விதைக்காம பிழைக்கவே முடியாத ஒரு பயிர் உருவாகிடும். யாரும் பிளான் போட்டுச் செய்யல.

எலும்பு சொல்ற கதை

இதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்த பகுதி. தேயா மோலிசன் என்ற ஆய்வாளர் அந்த ஊரின் எலும்புக்கூடுகளைப் பரிசோதித்தார். கால் பெருவிரல் மூட்டு தேய்ந்திருக்கு, முழங்காலிலும் கீழ் முதுகிலும் பாதிப்பு. காரணம் அரைக்கும் கல். நம்ம அம்மி மாதிரி ஒரு கல் முன்னாடி மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, தினமும் மணிக்கணக்கா தானியம் அரைத்த உடம்பு அது. பெரும்பாலும் பெண்களின் எலும்புகளில்தான் இந்தத் தடயம். மாவில் கலந்த கல் துகளால் பற்களும் தேய்ந்து உடைந்திருக்கு.

இவ்வளவு கஷ்டம்னா ஏன் பழைய வாழ்க்கைக்குத் திரும்பல? அலையும் கூட்டத்தில் கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டே நடக்கணும், அதனால் அடுத்த குழந்தை தாமதமாத்தான் வரும். ஓரிடத்தில் தங்கி, கூழ் மாதிரி மென்மையான உணவும் கிடைத்தா, தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்தலாம், குழந்தைகளுக்கு இடையில் இடைவெளி குறையும். வாய்கள் கூடுச்சு. அத்தனை வாய்க்கும் காடு போதாது, வயல்தான் போடணும். திரும்பிப் போற பாதை மெல்ல மெல்ல மூடிக்கிச்சு.

நாம இன்ஜினியரிங்ல எப்பவும் கேட்கிறது ‘அவுட்புட் எவ்வளவு?’ என்றுதான். ஒரு ஏக்கரில் எத்தனை பேருக்குச் சோறு என்று பார்த்தா விவசாயம் ஜெயிச்சிடுச்சு. ஆனா அந்தக் கணக்கில் அரைத்தவங்களோட முழங்கால் வரவே இல்ல. அடுத்த தடவை ஒரு புது டெக்னாலஜியைப் பற்றிப் படிக்கும்போது, ‘இதனால் யாருக்கு லாபம்?’ என்பதோட ‘யாரோட முதுகு வலிக்கும்?’ என்றும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க.

அபு ஹுரேரா இப்போ அசாத் ஏரிக்கு அடியில் இருக்கு. அதை மூழ்கடித்த அணையைக் கட்டியதற்கு ஒரு முக்கியக் காரணம், வயலுக்குத் தண்ணீர்.