பாட்டிகள் கொடுத்துவைத்த ரத்தம்

அன்புள்ள நிலா,

அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. எதிர்த்தவர்களையும் எதிர்ப்பார்கள் என்று சந்தேகப்பட்டவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் கர்ப்பிணிகளும் உண்டு. ரகசிய முகாம்களிலேயே பிரசவம் நடந்தது. தாயைக் கொன்றுவிட்டு, பச்சைக் குழந்தையை ராணுவத்துக்கு வேண்டிய குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மகளையும் பேரக்குழந்தையையும் பறிகொடுத்த பெண்கள் 1977-இல் ‘பிளாசா தே மாயோ பாட்டிகள்’ என்ற அமைப்பாகத் திரண்டார்கள்.

பெற்றோரின் ரத்தம் இருந்தால் பிள்ளையை அடையாளம் காண்பது எளிது. இங்கே இருவருமே இல்லை. பாட்டியின் ரத்தம் போதுமா? அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் 1984-இல் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். மைட்டோகாண்ட்ரியாவில் தனியாக ஒரு சிறு டிஎன்ஏ உண்டு, நீ பாடத்தில் படித்திருப்பாய். அது தாய்வழியாக மட்டுமே இறங்கும். அம்மாவைப் பெற்ற பாட்டியிடம் இருப்பது ஏறக்குறைய அப்படியே பேரனிடமும் பேத்தியிடமும் இருக்கும். நடுவில் ஒரு தலைமுறையையே அழித்தாலும் அந்தத் தொடர்பு அறுவதில்லை.

ஆனால் பாட்டிகளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அதனால் 1987-இல் ஒரு சட்டத்தின் மூலம் தேசிய மரபணுத் தரவு வங்கி உருவாக்கப்பட்டது. பாட்டிகள் தங்கள் ரத்தத்தை அங்கே கொடுத்துவைத்தார்கள். 2014-இல், தன் பிறப்பில் ஐயம்கொண்ட 36 வயது இசைக்கலைஞர் ஒருவர் தானாகவே சோதனைக்கு வந்தார். அமைப்பின் தலைவி எஸ்தேலா தே கர்லோத்தோவின் பேரன் அவர்! இதுவரை 130-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். தேடியவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இப்படிப்பட்ட கொடுமை நேராத குடும்பத்துக்கு, மூத்தவர்களின் மாதிரியைச் சேமித்துவைப்பதால் என்ன பயன்? அதற்கும் கிங்கிடமே போகலாம். பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய்க்கான மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருப்பதை 1990-இல் காட்டியவரும் அவர்தான். பிஆர்சிஏ1 என்பது அதன் பெயர். இவ்வகைச் சோதனையை முதலில் நோய் வந்தவருக்குச் செய்வதுதான் சிறந்தது. அவரிடம் எந்தப் பிறழ்வு என்று தெரிந்துவிட்டால், மகளுக்கும் தங்கைக்கும் அதை மட்டும் தேடினால் போதும். அவர் தன் ரத்தத்தையோ திசுவையோ விட்டுவைக்காமல் இறந்திருந்தால், மகளுக்கு ‘ஒன்றும் இல்லை’ என்று வரும் முடிவை முழுதாக நம்ப முடியாது. அம்மாவின் நோய்க்குக் காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படாத வேறொரு மரபணுவாகவும் இருக்கலாமே.

ஆகவே வீட்டில் யாருக்காவது பயாப்சி எடுத்திருந்தால், அந்த ‘பிளாக்’கைப் பற்றி மருத்துவமனையில் விசாரித்துவைப்பது நல்லது. மெழுகில் பதித்த அந்தத் திசுவிலிருந்து பல ஆண்டுகள் கழித்தும் டிஎன்ஏ எடுக்க முடியும். இல்லாவிட்டால், அதற்கென்றே உள்ள காகித அட்டையில் சில சொட்டு ரத்தத்தை உலரவைத்து, காகித உறையில் ஈரம்படாமல் வைக்கலாம். பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கத்தரித்த முடி அவ்வளவாக உதவாது, வேர் வேண்டும். தாயத்தில் தொப்புள்கொடியை வைத்த நம் முன்னோர் ஸ்டெம்செல்லைச் சேமித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதே. காய்ந்த கொடியில் உயிருள்ள செல் ஏது?

தனியார் நிறுவனத்துக்கு எச்சில் அனுப்புவது வேறு கதை. 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவால் மனு போட்டபோது, ஏறத்தாழ 1.5 கோடிப் பேரின் மரபணு விவரம் யார் கைக்குப் போகுமோ என்ற கலக்கம் எழுந்தது. கலிபோர்னியாவில் 2018-இல் ஒரு தொடர்கொலைகாரர் பிடிபட்டதும், எங்கோ இருந்த உறவினர்கள் இணையத்தில் ஏற்றியிருந்த டிஎன்ஏவால்தான். கொலைகாரர் சிக்கியது நல்லதே. ஆனால் ஒருவர் கொடுத்தால் மொத்தக் குடும்பமும் கொடுத்தது போலத்தான். அதனால் உன் ஆச்சியிடம் ரத்த மாதிரி கேட்பதற்கு முன்னால், சித்தப்பா, அத்தை எல்லோரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடு.

அன்புடன்,
மாமா