கார் ஏசி விட்டுவிட்டுக் குளிர்கிறதா? கேஸுக்கு முன் ஃபேனைப் பாருங்கள்

கத்திரி வெயிலில் கார் ஓடும்போது குளிர்ந்த ஏசி, சிக்னலில் நின்றதும் சூடான காற்றை ஊதினால், உடனே கேஸ் நிரப்பக் கொடுக்காதீர்கள். கேஸ் குறைந்திருந்தால் பெரும்பாலும் ஓட்டத்திலும் குளிர் மட்டமாகவே இருக்கும். நின்றால் மட்டும் குளிர் போகிறதென்றால், ரேடியேட்டருக்கு முன்னாலுள்ள கண்டென்சருக்குக் காற்று போதவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். அங்கே வெப்பம் வெளியேறாவிட்டால் கேஸின் அழுத்தம் ஏறும். பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தும். அழுத்தம் இறங்கியதும் மறுபடி ஓடவிடும். இன்ஜினையும் ஏசியையும் போட்டு, பானெட்டைத் திறந்து, கார் நிற்கும்போது கண்டென்சருக்குக் காற்று தரும் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். கையை மட்டும் அருகே கொண்டுபோக வேண்டாம், அது திடீரென்று சுற்றத் தொடங்கும். சுற்றாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் சோதிக்கச் சொல்லுங்கள். நன்றாகச் சுற்றினால், இன்ஜின் ஆறியபின் கண்டென்சரில் அப்பியிருக்கும் தூசியை மென்மையாக நீர்விட்டுக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கும்.

கேஸ் நிரப்பியதும் சரியாகிவிட்டதே என்று சிலர் கேட்கலாம். மூடிய குழாய்களுக்குள் சுற்றும் கேஸ் பெட்ரோல் போலச் செலவாவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் மீண்டும் அதே நிலைதான். அளவுக்கு மிஞ்சி நிரப்பினாலோ அழுத்தம் இன்னும் ஏறி, இதே கோளாறு முற்றும். கேஜ் வைத்து அழுத்தம் பார்க்காமல் நிரப்ப விடாதீர்கள்.