அடைவு ஆய்வும் வகுப்பறையும்

மாணவனுக்கு மதிப்பெண் வழங்கும் தேர்வு வேறு. கல்வி முறையின் நிலையை அறியும் அளவீடு வேறு. இவ்வேறுபாட்டைப் பள்ளிகள் உணர்ந்து செயற்பட வேண்டும் என்பதே கல்வியாளர் பலரின் கருத்தாகும்.

ஆய்வின் இயல்பு

2017 நவம்பர் 13 அன்று தேசிய அடைவு ஆய்வு 3, 5, 8ஆம் வகுப்புகளில் நடத்தப்பட்டது. 2021 நவம்பர் 12 அன்று நடந்த ஆய்வில் 10ஆம் வகுப்பும் சேர்க்கப்பட்டது. 720 மாவட்டங்களில் 1.18 லட்சம் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 34 லட்சம் மாணவர்கள் அதில் பங்குபெற்றனர்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போன்றது இம்முறை. தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளின் வாயிலாக மாவட்டத்தின் நிலை கணிக்கப்படுகிறது. தனி மாணவனுக்கு இதில் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை.

இரு கருத்துகள்

ஆயினும், முடிவுகள் மாவட்டவாரியாக வெளியிடப்படுவதால் ஒப்பீடும் போட்டியும் எழுகின்றன. மாதிரி வினாத்தாள்களைக் கொடுத்து மாணவரைப் பழக்கும் வழக்கம் இதன் விளைவாகும். விடைத்தாளில் வட்டத்தை நிரப்பியறியாத சிற்றூர்க் குழந்தைக்கு முன்பயிற்சி தேவையே என்பது ஒரு சாரார் வாதம். அது நியாயமானதே. ஆனால் அறிமுகத்திற்கு ஓரிரு பாடவேளைகள் போதும். வாரக்கணக்கில் பயிற்சி நீளுமாயின், படிப்பும் கணக்கும் கற்பிக்க வேண்டிய நேரம் குறைகிறது என்பது மறுசாரார் கவலை. பதம் பார்க்கும் பருக்கையை மட்டும் தனியே வேகவைத்தால் பானையின் நிலை எவ்வாறு புலப்படும்?

உண்மை நிலையின் பயன்

2021 ஆய்வில் கணிதத்தின் சராசரி அடைவு 3ஆம் வகுப்பில் 57, 5இல் 44, 8இல் 36, 10இல் 32 சதவீதமாக இருந்தது. மேல் வகுப்புகளில் அடைவு குறைவாக இருப்பதை இது காட்டுகிறது. கணக்கில் பின்தங்கிய மாவட்டத்திற்கு ஆசிரியர் பயிற்சியும் துணைக் கற்பித்தலும் சென்றடைய இத்தகைய விவரமே வழிகாட்டுகிறது. எண்கள் மிகைப்படுமாயின், உதவி தேவைப்படும் குழந்தை கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

செய்ய வேண்டியவை

மதிப்பீடு கற்பித்தலோடு இணைந்து தொடர்ந்து நிகழ வேண்டும் என்பதைக் கோத்தாரி கல்விக் குழு (1964–66) வலியுறுத்தியது. ஆசிரியர் அன்றாடம் அறியும் குறைகளை அன்றாடமே களைவதுதான் ஆய்வுக்குரிய சிறந்த ஆயத்தமாகும். 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9ஆம் வகுப்புகளில் இதன் தொடர்ச்சியான ஆய்வு நடைபெற்றது. குறைந்த மதிப்பெண்ணுக்காகத் தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்கும் வழக்கத்தை நிர்வாகம் தவிர்த்து, வேண்டிய துணையை வழங்குமானால், பள்ளிகளும் உள்ள நிலையை மறைக்காமல் காட்ட முன்வரும்.