பிணியாளரைப் பேணுவோர்க்குரிய ஐந்து தகுதிகள்



திரிசரணம் அடைந்து பஞ்சசீலம் காக்கும் நாம் பகவான் புத்தரின் அறத்தை நாள்தோறும் ஓதி வருகின்றோம். ஓதிய அறம் செயலாக வேண்டிய இடங்களுள் முதன்மையானது பிணியாளரின் படுக்கை. மருத்துவமனைகளுக்குச் சென்று தொண்டாற்ற விரும்பும் அன்பர்கள் அறிய வேண்டியவற்றை இங்கு ஆராய்வோம்.

விநய பிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு வரலாறு காணப்படுகிறது. பகவான் ஆனந்தருடன் பிக்குகளின் உறைவிடங்களைப் பார்வையிட்டு வருகையில், வயிற்று நோயுற்ற பிக்கு ஒருவர் தம் மலமூத்திரத்திலேயே கிடக்கக் கண்டார். உம்மைப் பேணுவார் இல்லையோ என வினவ, இல்லை என்றார் அவர். தாம் மற்றப் பிக்குகளுக்கு யாதோர் உதவியும் செய்யாதவராதலால் அவர்கள் தம்மைக் கவனிப்பதில்லை என்று காரணமும் கூறினார். ஆனந்தர் நீர் கொணர்ந்தார். பகவான் நீர் வார்க்க, ஆனந்தர் உடலைக் கழுவினார். தலைப்பக்கம் பகவானும் கால்பக்கம் ஆனந்தரும் தாங்கி அவரைக் கட்டிலில் கிடத்தினர். அதன் பின்னரே பகவான் சங்கத்தைக் கூட்டி, தாய் தந்தையரை விட்டு வந்த நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடில் யார் பேணுவார் எனக் கேட்டார். நோயுற்றவர்க்குச் செய்யும் பணிவிடையே தமக்குச் செய்யும் பணிவிடை என்றும் உணர்த்தினார்.

பயன்பட்டவனுக்கே பணிவிடை என்னும் கணக்கு அச்சங்கத்துள்ளும் புகுந்திருந்தது. அதே கணக்கை நம் தங்கவயலிலும் காண்கின்றோம். பத்தாயிரம் அடிக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை துளைத்தோர் சிலிக்கா தூசியைச் சுவாசித்தனர். அத்தூசி நுரையீரலை இறுகச் செய்து மூச்சைச் சுருக்கும். காசநோய்க்கும் வழி திறக்கும். இறுகிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொணரும் மருந்து இல்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. இளையோர் விடியுமுன் பெங்களூர் ரயிலேறிப் பிழைக்கின்றனர். உழைத்து ஓய்ந்த முதியவரோ லைன் வீட்டிலும் மருத்துவமனையிலும் தனித்துக் கிடக்கின்றார். இனி அவரால் எவருக்கும் பயனில்லை என்று உலகம் எண்ணலாம், நாம் எண்ணலாகாது.

பேணுவோர்க்குப் பகவான் வகுத்த தகுதிகள் ஐந்து.

முதலாவது, மருந்து அமைத்துக் கொடுக்கும் திறமை. இன்று சிகிச்சை வைத்தியருக்கும் தாதியருக்கும் உரியது. அதில் நாம் தலையிடலாகாது. ஆனால் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்றல், பரிசோதனை முடிவைப் பெற்று வருதல், மருந்துண்ணும் வேளையை விளக்குதல் ஆகியவை துணையற்ற நோயாளிக்குப் பேருதவியாகும். கன்னடமும் ஆங்கிலமும் அறியாத முதியவருக்கு வைத்தியர் கூற்றைக் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் உரைப்பதும் இதில் அடங்கும். காசநோய் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். பெரும்பாலும் ஆறு மாதம் உட்கொள்ள வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காமற் போகலாம்.

இரண்டாவது, நன்மை தீமை அறிதல். நீரிழிவுடையவருக்கு நாம் அன்புடன் நீட்டும் இனிப்பே தீங்காகலாம். தாதியைக் கேளாமல் எதையும் ஊட்டலாகாது. நுரையீரல் நோயாளியின் அருகில் பீடிப் புகை மட்டுமன்று, ஊதுவத்திப் புகையும் ஆகாது. கை கழுவுதலும் முகக்கவசம் அணிதலும் வேண்டும். இருமல், காய்ச்சல் உடைய தொண்டர் வீட்டிலேயே இருப்பாராக.

மூன்றாவது, ஊதியம் கருதாத அன்பு. பணம் மட்டுமே ஊதியம் என்று கொள்ளற்க. பழம் கொடுக்கும்போது படம் எடுத்துக்கொள்வதும் ஊதியமே. நோயாளியின் சாதியையும் மதத்தையும் வினவுதல் நம் வேலையன்று.

நான்காவது, மலம், சிறுநீர், எச்சில், வாந்தி ஆகியவற்றை அகற்ற அருவருப்புக் கொள்ளாமை. இங்கு நம்மவர் சிலருக்கு ஓர் ஐயம் எழும். எந்த வேலையைக் குலத்தின் பெயரால் நம் முன்னோர்மேல் சுமத்தினரோ, அதையே நாம் மீண்டும் செய்வதா என்பர். நியாயமான வினாவே. பிறப்பைக் காட்டி ஒருவன்மேல் சுமத்துவது அடிமைத்தனம். நோயுற்றவன்பால் இரங்கித் தானே முன்வந்து செய்வது அறம். சாக்கிய குலத்துதித்த பகவானே செய்த பணி எக்குலத்துக்கும் இழிவாகாது. அதனை ஒரு குலத்தாருக்கே ஒதுக்கியதுதான் இழிவு. ஆகையால் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளரையும் மரியாதையுடன் அழைத்துப் பேசுவோமாக.

ஐந்தாவது, காலமறிந்து அறவுரையால் மகிழ்வித்தல். மூச்சுத் திணறுபவரிடம் நெடிய பிரசங்கம் வேண்டா. அவர் பேச விரும்பினால் செவிசாய்ப்போம். சோர்ந்திருந்தால் மௌனமாக உடனிருப்போம்.

இத்தொண்டு நமக்குப் புதிதன்று. மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் ஏற்பாடு செய்ததைக் கல்லில் பொறித்த அசோகர், அவ்விடத்துச் சோழ பாண்டிய நாடுகளையும் குறிப்பிடுகின்றார். 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்த பண்டித அயோத்திதாசர் சித்த வைத்தியர். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, நெடுங்காலம் பூட்டிக் கிடந்த சுரங்க மருத்துவமனையைத் தொண்டர்கள் கூடித் துப்புரவு செய்து, மீண்டும் நோயாளிகளை ஏற்கத்தக்கதாக்கினர்.

எனவே, ஊரிகம், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் அன்பர்கள் ஒவ்வொரு லைனிலும் நோயுற்றுத் தனித்திருப்போர் யாவர் என விசாரித்தறிக. மருத்துவமனை அதிகாரியின் அனுமதி பெற்று, இருவர் இருவராக, குறித்த கிழமையில் தவறாது செல்க. ஒரு நாள் திரளாகச் சென்று பின்பு மறப்பதைவிட, ஒருவரிடமே வாரந்தோறும் செல்லுதல் மேலானது. நாம் வரும் நாளை எண்ணியிருப்பவரை ஏமாற்றாதிருப்பதும் சீலமே.