ஒப்புக்குச் சப்பாணி

நம் பிள்ளைகளின் தெருவிளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓடிப்பிடித்தோ கண்ணாமூச்சியோ ஆடும்போது, கூடவே வந்துவிட்ட சின்னத் தம்பியை விரட்ட மனமில்லாமல் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் அது 'உப்புக்குச் சப்பாணி'. அந்தப் பிள்ளை ஓடலாம், கத்தலாம், சிரிக்கலாம். ஆனால் அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை. அவன் யாரையாவது தொட்டாலும் கணக்கில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது போதும். அடுத்த ஆண்டு வளர்ந்து ஆட்டத்துக்குள் வந்துவிடுவான். ஏழாம் வகுப்பில் இருக்கும் மாற்றுத்திறன் மாணவனின் நிலைமை வேறு. அவனுக்கு அந்த அடுத்த ஆண்டு வருவதே இல்லை. சப்பாணி என்ற சொல்லுக்கே நடக்க இயலாதவர் என்றுதான் பொருள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாவூர்சத்திரத்தை அடுத்த ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் பாடம் நடத்துகிறேன். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் எங்கள் பள்ளியில் இல்லாததால் விளையாட்டுப் பாடவேளையும் என் பொறுப்பு. (தேர்வு நெருங்கும்போது அந்தப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கேட்டு வருவார்கள். கொடுப்பதில்லை.) ஏழாம் வகுப்பில் 38 பேர். ஒரு மாணவனுக்கு மூளை முடக்குவாதம். இரண்டு கால்களும் விறைப்பாக இருக்கும், கைகள் நன்றாக இயங்கும். ஒரு மாணவிக்குப் பார்வை மிகக் குறைவு. அறிவுசார் குறைபாடுடைய ஒரு மாணவனும் இருக்கிறான். மூவருமே மைதானத்துக்கு வருவார்கள். ஒருவர் மற்றவர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொள்வார், ஒருவர் புள்ளி எண்ணுவார், ஒருவர் மரத்தடியில் இருப்பார். "சார், இவன் ஆட்டத்துல உண்டா, சும்மாவா?" என்று அணி பிரிக்கும்போது பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வியில் கேலி எதுவும் கிடையாது. விதி தெரியாமல் எப்படி ஆடுவது என்ற நியாயமான சந்தேகம்தான் அது.

சட்டம் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் இம்மாணவர்களுக்குப் பாகுபாடின்றிக் கல்வி தருவதோடு, விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்றவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும் என்கிறது. நாம் சேர்க்கைப் பதிவேட்டைச் சரியாக வைத்திருக்கிறோம், சாய்தளம் கட்டியிருக்கிறோம், டிசம்பர் 3 அன்று போட்டி நடத்திப் பரிசும் கொடுக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலைப் பாடவேளையில் என்ன செய்வது என்பதுதான் மீதி இருக்கிறது.

இந்தக் கேள்வியை யோசிக்க எங்களுக்குப் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975இல் பெங்களூருவில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வுக்குப் போனார். உடற்திறன் சோதனையின்போது விழுந்ததில் தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆண்டாக அறிவித்த 1981இல், தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அமர் என்பது அவருக்கு மருத்துவம் பார்த்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரிலிருந்து வந்தது. தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992இல் அவரோடு இணைந்தார். மறுவாழ்வுப் பயிற்சி, குழந்தைகளுக்கான ஆரம்பநிலைத் தலையீடு, எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் சிவசரஸ்வதி வித்யாலயா பள்ளி என்று அந்தச் சங்கம் விரிந்தது. 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

சேவை என்ற சொல்லைக் கேட்டதும் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆய்க்குடியில் தீர்மானிக்கும் நாற்காலி சக்கர நாற்காலி. எதில் சிரமம், எதை எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்பவர் அந்தச் சிரமத்தோடு வாழ்பவரே. வகுப்பறைக்கும் மைதானத்துக்கும் நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்: விதி எழுதும்போது அந்தப் பிள்ளையும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பாராலிம்பிக் விளையாட்டுகளின் விதிப் புத்தகங்களைப் படித்தால் இந்த எண்ணம் எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்று தெரியும். போச்சா என்றொரு விளையாட்டு. நம் கோலிக்குத் தூரத்து உறவு. வெள்ளைப் பந்துக்கு அருகே தன் பந்துகளைச் சேர்ப்பதுதான் ஆட்டம். கையால் எறிய முடியாதவர்கள் சாய்வான தடம் ஒன்றில் பந்தை உருட்டிவிடுவார்கள். அந்தத் தடத்தைத் திருப்பிவைக்க உதவியாளர் உண்டு. ஆனால் அவர் களத்துக்கு முதுகைக் காட்டித்தான் இருக்க வேண்டும்; திரும்பிப் பார்க்கக் கூடாது. கை உதவியாளருடையது, முடிவு ஆடுபவருடையது. உதவி என்ற பெயரில் எத்தனை முறை நாம் பிள்ளைகளின் முடிவையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பார்வையற்றோர் கிரிக்கெட்டும் அப்படித்தான். பந்துக்குள் சிறு குண்டுகள் ஒலிக்கும். கையைத் தாழ்த்தி, ஆடுகளத்தின் பாதித் தூரத்துக்கு முன்பே பந்து தரையில் படும்படி வீச வேண்டும். பதினொருவரில் குறைந்தது நான்கு பேர் முழுப் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் அடிக்கும் ஓட்டங்கள் இரட்டிப்பாகக் கணக்கில் சேரும். ஒருமுறை தரையில் பட்டு எழும்பும் பந்தை அவர்கள் பிடித்தாலும் அது கேட்ச். இந்த விதிகளால் அணித்தலைவர் அவர்களை வெறும் எண்ணிக்கைக்காகச் சேர்க்க முடியாது. வெற்றிக்கே அவர்கள் தேவை.

எங்கள் வகுப்பில் தொடங்கியது உட்கார்ந்த நிலை எறிபந்து. அமர்ந்து ஆடும் கைப்பந்தில் வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர், களம் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். பந்தைத் தொடும் நேரத்தில் இடுப்பு தரையை விட்டு எழும்பக் கூடாது. அதே அளவில் கோடு போட்டு, இரண்டு கம்புகளுக்கு நடுவே கயிறு கட்டினோம். மண் சூடு தாங்கப் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து பழைய சாக்குகள் கிடைத்தன. மாணவர் ஒருவரின் தந்தை அங்கே சுமை தூக்குகிறார். பந்து சந்தைக்கடைப் பந்துதான். மொத்தச் செலவு கயிற்றுக்கு மட்டும்.

முதல் பத்து நிமிடம் பார்க்க வேடிக்கையாக இருந்தது. வேகமாக ஓடும் பிள்ளைகளுக்கு உட்கார்ந்தபடி நகரத் தெரியவில்லை. காலை எங்கே வைப்பது என்று திணறினார்கள். கால் விறைப்புள்ள மாணவனோ வீட்டில் சிறு வயதிலிருந்து கைகளை ஊன்றி நகர்ந்து பழகியவன். மற்றவர்கள் ஒரு முழம் நகர்வதற்குள் அவன் களத்தின் அடுத்த மூலையில் இருந்தான். மூன்றாவது வாரம் எதிரணித் தலைவி தன் அணியிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது: "அவன் பக்கம் போடாதீங்கடி."

ஒரு பிள்ளை ஆட்டத்தில் உண்மையாகவே இருக்கிறதா என்று பார்க்க எனக்கு இப்போது வேறு அளவுகோல் வேண்டியதில்லை. எதிரணி அந்தப் பிள்ளையைக் கணக்கில் வைத்து ஆட்டத்தை மாற்றுகிறதா என்று கவனிக்கிறேன்.

பார்வை குறைந்த மாணவிக்காகப் பந்தை மொடமொடப்பான காகிதத்தில் சுற்றிக் கட்டினோம். உருளும்போது சத்தம் வரும். கயிற்றுக்கு மேலே எறியாமல் அடியில் உருட்டும் ஆட்டமாக அதை மாற்றச் சொன்னது அவள்தான். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள்: பந்து உருளும்போது யாரும் பேசக் கூடாது. 38 பிள்ளைகள் பேசாமல் இருந்த அந்தப் பாடவேளையைப் பார்க்கத் தலைமையாசிரியர் வெளியே வந்தார்.

அறிவுசார் குறைபாடுடைய மாணவனின் விஷயம் இவ்வளவு எளிதாக இல்லை. விதியை ஒருமுறை சொன்னால் போதாது. அடுத்த வாரம் விதி மாறினால் குழம்பிவிடுகிறான். 1968இல் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் ஒரே அணியில் ஆடும் முறையை வளர்த்திருக்கிறது. அதைப் பின்பற்றி, அவனுக்கு எல்லா வாரமும் ஒரே வேலை, ஒரே இடம், ஒரே கூட்டாளி என்று வைத்தோம். முதல் பந்தை எறிபவன் அவன்தான். முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை வருகை தவறுவதில்லை.

"இப்படி விதியை மாற்றினால் ஆட்டத்தின் வேகம் போய்விடாதா? நன்றாக ஆடும் பிள்ளைகளுக்கு நட்டமில்லையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாப் பாடவேளையையும் உட்கார்ந்து ஆடச் சொல்லவில்லை. வாரம் இரண்டு பாடவேளையில் ஒன்று இதற்கு, மற்றொன்றில் கபடியும் ஓட்டமும் வழக்கம்போல. கால் விறைப்புள்ள மாணவன் அந்த நாளில் குண்டு எறியப் பழகுகிறான். சேர்ந்து ஆடுவதும் வேண்டும், தனக்கேற்ற போட்டியில் திறமை வளர்ப்பதும் வேண்டும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலுவுக்கு உயரம் தாண்டுதலில் ஆர்வமூட்டியவர் அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில் கால் ஊனமில்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றவர், 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம்.

பாதுகாப்பில் மட்டும் யாரும் அனுமானத்தில் இறங்கக் கூடாது. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகள் சிலருக்குக் கழுத்து எலும்பின் மூட்டு உறுதியாக இருக்காது. மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை குட்டிக்கரணமும் தலையில் அழுத்தம் விழும் எந்த ஆட்டமும் வேண்டாம். வலிப்பு வரும் குழந்தை எனில் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும். கேட்கும் திறன் குறைந்த குழந்தைகளுக்கு விசிலோடு கொடியையும் காட்டுங்கள். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளை விசில் சத்தமே துன்புறுத்தும்; அங்கே கொடி மட்டும் போதும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் நம் பள்ளிக்கு வரும் நாளில் அவர்களை அறையில் மட்டும் உட்காரவைக்காமல் மைதானத்துக்கு அழைத்துப் போனால் பாதிக் கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

பெற்றோரிடம் பேசுவது தனி வேலை. கால் விறைப்புள்ள மாணவனின் தாய் பீடி சுற்றுகிறார். "கீழ விழுந்தா எந்திரிக்க மாட்டான் சார், வேண்டாம்" என்றுதான் முதலில் சொன்னார். வாக்குவாதம் செய்யாமல் ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்க்கச் சொன்னேன். பீடித் தட்டோடு வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். ஆட்டம் முடிந்ததும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. மகனின் முழங்கையில் இருந்த சிராய்ப்பைப் பார்த்துவிட்டு, மண்ணைத் தட்டிவிட்டு அழைத்துப் போனார். மறுவாரம் முழங்கைக்குப் பழைய சேலைத் துணியில் உறை தைத்துப் போட்டு அனுப்பியிருந்தார்.

இந்தப் பருவத்தில் ஏழுகல் விளையாட்டுக்கு விதி எழுதிக்கொண்டிருக்கிறோம். கல்லை அடுக்க ஓடும் தூரத்தை எல்லோருக்கும் ஒரே அளவாக வைப்பதா, ஆளுக்கு ஏற்ப மாற்றுவதா என்பதில் பிள்ளைகளுக்குள் இன்னும் உடன்பாடு வரவில்லை. தூரம் குறைத்தால் தனக்கு அவமானம் என்கிறான் அந்த மாணவன். கல்லின் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்பது அவன் யோசனை. வரும் வெள்ளிக்கிழமை இரண்டையும் ஆடிப் பார்க்கப் போகிறோம்.